கட்டியின் பெயர் என்ன?



சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை வேளை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலில் தயங்கியபடி நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. கையில் மருந்துச் சீட்டு. அன்று பகலில்தான் பல் மருத்துவர் அவருடைய கீழ்த்தாடையில் புதைந்து கிடந்த ஞானப்பல்லையும், அதைச் சூழ்ந்திருந்த சிறு நீர்க்கட்டியையும் எடுத்திருந்தார். எடுத்த சதையை மருந்து நீர் உள்ள குப்பியில் இட்டு வைத்துவிட்டு, "இதைச் சோதனைக்கு அனுப்பட்டுமா? ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆகும். வீட்டில் கேட்டு நாளைக் காலையில் சொல்லுங்கள்" என்றாராம்.

"டாக்டரே நீர்க்கட்டி மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார், சாமி. பிறகு எதற்கு அந்தச் செலவு?" என்று இளைஞர் கேட்டார்.

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. காரணம், இதே கேள்வியை, ஏறக்குறைய இதே சொற்களில், வேறொரு பங்கில் பணியாற்றிய நாளில் நாம் கேட்டிருக்கிறோம். அன்று நாம் தயங்காமல் விடை சொன்னோம். அந்த விடை தவறாயிற்று. அக்கதையைத்தான் இத்திங்கள் உங்களிடம் சொல்ல விழைகிறோம். அதற்கு உரியவரின் இசைவைப் பெற்றே எழுதுகிறோம்; அவர் பெயரையும் ஊரையும் மட்டும் கூறாது விடுகிறோம்.

வலியில்லாத வீக்கம்

ஊரில் அனைவரும் அவரைத் தையற்காரம்மா என்றே அழைப்பர். புதுநன்மை வாங்கும் சிறுமியரின் வெண்ணிற உடைகளும், பீடச் சிறுவர்களின் அங்கிகளும், பீடத்து விரிப்புகளும் பல்லாண்டுகளாக அவர் கைப்பட்டு வந்தவையே. கணவர் சுமை வண்டி ஓட்டுபவர். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர்.

2016-ஆம் ஆண்டு, அவருக்கு நாற்பத்திரண்டு வயது நடந்தபோது, வலப்பக்கக் கீழ்த்தாடையின் கோடியில் சிறு புடைப்பு ஒன்று தோன்றிற்று. வலி இல்லை. வலி இல்லாமையால் கவலையும் இல்லை. சில திங்கள் கழித்து, உணவு மெல்லுகையில் அவ்விடம் இடறவே பல் மருத்துவரிடம் சென்றார். எக்ஸ்ரே படத்தில், முளைக்காமல் எலும்புக்குள் சாய்ந்து கிடந்த ஞானப்பல்லும், அதைச் சுற்றிக் கருமையான ஒரு வெற்றிடமும் தெரிந்தன. புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உண்டாவது பலருக்கும் நேர்வதே. மருத்துவர் பல்லை அகற்றி, கட்டியைச் சுரண்டி எடுத்தார். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பலாமா என்றும் முறையாகவே கேட்டார். அவர்மீது ஒரு குற்றமும் இல்லை.

அன்று மாலை கணவர் நம்மிடம் வந்தார். ஜூன் மாதம், பள்ளி திறக்கும் காலம். "ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஆகுமாம் சாமி. அனுப்பத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். நாமோ, "மருத்துவரே நீர்க்கட்டி என்ற பின் ஏனப்பா வீணாகக் கலங்குகிறாய்? ஒன்றும் இராது. முதலில் பிள்ளைகளுக்குப் பணம் கட்டு" என்றோம். அவர் முகம் தெளிந்தது. நாமும் ஒரு குடும்பத்தின் பாரத்தைக் குறைத்துவிட்ட நிறைவோடு உறங்கச் சென்றோம். அந்தச் சதைத் துணுக்கு குப்பைக்குப் போயிற்று.

ஊசி குத்தியும் உணராத உதடு

ஈராண்டுகள் சென்றன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் திங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான துணிகள் தையற்காரம்மாவின் வீட்டில் குவிந்து கிடந்தன. தையல் வேலை செய்வோர் குண்டூசிகளை உதடுகளுக்கிடையே கவ்விக்கொண்டு வேலை பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வாறே அவரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது, மகள் ஓடிவந்து, "அம்மா, ரத்தம்!" என்று கத்தினாள். வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு இரத்தம். ஊசியொன்று கீழுதட்டில் ஆழமாகவே ஏறியிருந்தது. அவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார். உதட்டின் வலப்பாதியும் மோவாயும், பல் பிடுங்க மருந்தூசி போட்டாற்போல் மரத்துக் கிடந்தன.

அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கறை பட்ட அங்கியை மாற்றித் தைத்துத் தருவதாகச் சொல்லவே பங்கு இல்லத்திற்கு வந்தார். பேச்சோடு பேச்சாக ஊசி குத்திய செய்தியையும் சிரித்துக்கொண்டே கூறினார். தற்செயலாக அன்று, மருத்துவமனை ஒன்றில் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. அம்மாவின் தாடையைத் தடவிப் பார்த்தார். பழைய இடத்தில் மீண்டும் புடைப்பு இருந்தது. அடுத்த பல்லும் ஆடிக்கொண்டிருந்தது. "உதடு மரத்துப்போவது வெறும் பல் தொல்லையாக இராது. விழா முடியட்டும் என்று காத்திராதீர்கள், நாளைக்கே நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லுங்கள்" என்றார்.

அவர் கூறியதன் பொருளை நாம் பின்னரே அறிந்தோம். கீழ்த்தாடை எலும்பின் உள்ளே மெல்லிய குழாய் போன்ற பாதை ஒன்று உண்டு. அதன் வழியே ஓடும் நரம்பே கீழ்ப்பற்களுக்கும், மோவாய்க்கும், கீழுதட்டுக்கும் உணர்ச்சி அளிக்கிறது. எலும்புக்குள் வளரும் ஏதோ ஒன்று அந்நரம்பை நெருக்கும்போதோ, அரிக்கும்போதோ உதடு மரத்துப்போகிறது. பல் பிடுங்காமல், ஊசி போடாமல், அடி படாமல், தானாகவே உதடு மரத்தால் அது தட்டிக்கழிக்கத் தகாத எச்சரிக்கையாகும்.

எலும்புக்குள் உமிழ்நீர்ச் சுரப்பியா?

மருத்துவக் கல்லூரியில் இரு தாடைகளையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே முதலில் எடுக்கப்பட்டது. கருமையான வெற்றிடம் இப்போது ஒன்றாக இல்லை. தேனடையில் அறைகள் இருப்பதுபோல் பலவாகப் பிரிந்திருந்தது. அடுத்து சி.டி. ஸ்கேன். எலும்பின் ஓரம் முட்டை ஓடுபோல் மெலிந்து வெளிப்புறம் புடைத்திருப்பது அதில் தெரிந்தது.

இவ்வளவும் பார்த்த பின்னர், "இன்ன நோய்" என்று மருத்துவர்கள் சொல்வார்கள் என எதிர்பார்த்தோம். அவர்களோ நான்கைந்து பெயர்களைச் சொன்னார்கள். பழைய நீர்க்கட்டியே மீண்டும் வந்திருக்கலாம். பல் உருவாகும் திசுவிலிருந்து தோன்றும் அமெலோபிளாஸ்டோமா என்னும் கட்டியாக இருக்கலாம். வேறு கட்டியாகவும் இருக்கலாம். படத்தில் இவை யாவும் ஒன்றுபோலவே தோன்றுமாம். நிழலைப் பார்த்து ஆளின் பெயரைச் சொல்ல இயலுமா? ஆளை நேரில் காண வேண்டும். அதற்கு ஒரே வழி, சதையில் சிறிது எடுத்து நுண்ணோக்கியின் கீழ் ஆராயும் பயாப்சி என்னும் திசுச் சோதனைதான்.

சோதனை முடிவு வரப் பதினைந்து நாள்களுக்கு மேலாயிற்று. முதலில் பார்த்த வல்லுநர் ஐயுற்றார். திசுவைச் சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தார். கோழைபோன்ற வழுவழுப்பான பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் இருந்தால், அப்பொருள் அச்சாயத்தில் செந்நிறமாகக் காட்சி தரும். அவ்வாறே காட்டிற்று. பின்னர் கண்ணாடித் தகடுகள் வேறொரு மருத்துவமனைக்கும் மறுபார்வைக்காக அனுப்பப்பட்டன. இறுதியாக வந்த பெயர்: மியூக்கோ எபிடெர்மாய்ட் கார்சினோமா. உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஆனால் இவ்வம்மையாருக்கு அது எந்தச் சுரப்பியிலும் தோன்றவில்லை. தாடை எலும்பின் உள்ளேயே தோன்றியிருந்தது. இந்நோய் கண்ட நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கோ மூவருக்கோதான் அவ்வாறு நேர்கிறது.

நமக்கு வியப்பாக இருந்தது. நம் வாயில் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை உள்ளன: காதுக்கு முன்னே ஓர் இணை, கீழ்த்தாடைக்கு அடியில் ஓர் இணை, நாவின் கீழே ஓர் இணை. இவையன்றி, உதடுகள், கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகிய இடங்களில் கண்ணுக்குப் புலப்படாத சிறு சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இவையெல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. எலும்புக்குள் மட்டும் சுரப்பிக்கு என்ன வேலை?

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இதற்கு இரு காரணங்கள் கூறப்படுகின்றன. கருவில் தாடை உருவாகும்போதே சுரப்பித் திசுவின் சிறு பகுதி எலும்புக்குள் அகப்பட்டுக்கொள்ளலாம் என்பது ஒன்று. புதைந்த பல்லைச் சூழ்ந்த நீர்க்கட்டியின் உட்சுவர் உயிரணுக்களே நாளடைவில் தன்மை மாறிக் கோழை சுரக்கத் தொடங்கி, பின்னர்ப் புற்றாகலாம் என்பது மற்றொன்று. இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புதைந்த பல்லோ நீர்க்கட்டியோ உடன் காணப்படுவதால், இரண்டாம் கருத்தே பலராலும் ஏற்கப்படுகிறது. தாடை எலும்புக்குள் இந்நோய் தோன்றுவதை மருத்துவ உலகம் முதன்முதலில் பதிவு செய்தது 1939-ஆம் ஆண்டிலேதான். பல் மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் இதை ஒருமுறைகூடக் காணாமல் இருக்கக்கூடும்.

பெயர் தெரிந்த பின்னும் ஒரு பணி எஞ்சியிருந்தது. வேறு சுரப்பியில் தோன்றிய புற்று தாடைக்குள் பரவவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். எனவே எம்.ஆர்.ஐ. எடுத்து, எல்லாப் பெரிய சுரப்பிகளையும் கழுத்தின் நிணக்கணுக்களையும் பார்த்தார்கள். அவை தூய்மையாக இருந்தன. இக்காலத்தில் மேலும் ஒரு சோதனை உண்டு. இந்நோய் உள்ளவர் பலரின் புற்றணுக்களில் இரு மரபணுக்கள் முறிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதைக் கண்டறிந்தால், ஐயத்துக்கிடமான கட்டியின் பெயர் உறுதியாகிவிடுகிறது. 

துணி இன்னதென்று தெரியாமல் வெட்டலாமா?

கணவர் நம் கைகளைப் பற்றிக்கொண்டு, "அவளுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் சாமி, தாங்கமாட்டாள்" என்று கெஞ்சினார். நம் குடும்பங்களில் இது வழக்கந்தானே! நோயாளியைத் தவிர ஊரெல்லாம் அறிந்திருக்கும். நோயாளியோ எல்லார் முகத்தையும் பார்த்து, தானும் அறிந்துகொண்டு, அறியாதவர்போல் நடிப்பார்.

தையற்காரம்மா நடிக்கவில்லை. நாம் கட்டிலருகே அமர்ந்ததும், "சாமி, கட்டியின் பெயர் என்ன?" என்று நேராகவே கேட்டார். நாம் தடுமாறினோம். "அது மருத்துவர்களுக்குத் தெரிந்தால் போதாதா அம்மா?" என்றோம்.

"பட்டா, பருத்தியா என்று தெரியாமல் நான் ஒரு துணியிலும் கத்தரி வைத்ததில்லை. என் தாடையை வெட்டப்போகிறார்கள். அது என்ன துணி என்று எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் அவர்.

அன்று கணவரை அழைத்து வந்து, அவர் முன்னிலையிலேயே மருத்துவரைக் கொண்டு எல்லாவற்றையும் சொல்லச் செய்தோம். அவர் அழுதார், பின்னர்ப் பிள்ளைகளின் தேர்வு எப்போது என்று கேட்டார், அறுவை நாளை அதற்கேற்பக் குறிக்க இயலுமா என்றும் கேட்டார். உண்மை அவரை வீழ்த்திவிடவில்லை. அவரைத் தம் வாழ்வின் பொறுப்பில் மீண்டும் அமர்த்தியது.

அவர் கூறிய உவமை எவ்வளவு பொருத்தமானது என்பதை எண்ணிப் பாருங்கள். சாதாரண நீர்க்கட்டியாயின் சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் போதும். அமெலோபிளாஸ்டோமாவாயின் எலும்போடு சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். ஆயினும் அது பெரும்பாலும் புற்று அன்று. இப்புற்றாயின், சுற்றிலும் நல்ல எலும்பு சிறிது சேர வெட்ட வேண்டும். கழுத்தையும் கவனிக்க வேண்டும். சுரண்டி எடுப்பதோடு நிறுத்தியவர்களில் பத்துக்கு நால்வருக்கு இந்நோய் திரும்பியதாகப் பழைய ஆய்வுகள் காட்டின. எலும்போடு அகற்றியவர்களுக்குத் திரும்புவது மிகக் குறைவு. பார்வைக்கு ஒரே கட்டி. பெயருக்கேற்ப மருத்துவம் வேறு. நோயைத் தணிக்கும் வழியைக் கூறுமுன் நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என அறியும் கடமையை வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்ததன் பொருள் இதுவே அன்றோ!

2019-ஆம் ஆண்டு ஜனவரியில் அறுவை நடந்தது. காலையில் உள்ளே கொண்டு சென்றவரை இரவில்தான் வெளியே கொணர்ந்தார்கள். வலப்புறத் தாடையெலும்பை அகற்றி, முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதன் ஒரு பகுதியை இரத்தக் குழாயோடு எடுத்து, தாடையின் வடிவில் வளைத்துப் பொருத்தினார்கள். அகற்றிய நரம்பின் ஓரத்திலும் புற்றணுக்கள் காணப்பட்டமையால், பின்னர் ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. செலவின் பெரும்பகுதியை அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது.

"வெற்றிலைகூடப் போடாதவளுக்கா?"

இதற்கிடையே ஊரார் நாவுகளும் ஓயவில்லை. "வெற்றிலைகூடப் போடாதவளுக்கு வாயில் புற்றா? என்ன பாவமோ!" என்று நம் காதுபடவே சிலர் பேசினர்.

நம் நாட்டில் வாய்ப்புற்று மிகுதியாக இருப்பதும், அதற்குப் புகையிலையும் பாக்கும் பெருங்காரணம் என்பதும் உண்மையே. ஆனால் அது வாயின் மேற்படலத்தில் தோன்றும் வேறு நோய். உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று அரிதானது. ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஒருவருக்கு வந்தாலே பெரிது. பெரும்பாலோர்க்கு அதன் காரணம் தெரிவதில்லை. உறுதியாக அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று கதிர்வீச்சு. 1945-இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் தொண்டைச் சதை போன்ற சிறு குறைகளுக்கும் குழந்தைகளுக்குக் கதிர்ச் சிகிச்சை அளித்தனர். அவர்களுள் சிலருக்கு வளர்ந்த பின் தைராய்டிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் கட்டிகள் தோன்றின. இதைக் கேட்டுப் பல் மருத்துவரின் எக்ஸ்ரே படத்துக்கு அஞ்சவேண்டா. அதன் அளவு மிகச் சிறிது. ஆக, நோயாளியிடம் பாவத்தைத் தேடுவது அறிவும் அன்று, அன்பும் அன்று.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ரோஜர் ஈபர்ட் என்னும் திரைப்பட விமரிசகர் இருந்தார். 1975-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். தொலைக்காட்சியில் பேசிப் புகழ் பெற்றவர். 2002-இல் அவருக்குத் தைராய்டில் புற்று. 2003-இல் உமிழ்நீர்ச் சுரப்பியில். 2006-இல் தாடை எலும்பின் ஒரு பகுதியை அகற்ற நேர்ந்தது. அதைத் தொடர்ந்த சிக்கல்களால் பேச்சையும், வாயால் உண்ணுவதையும், பருகுவதையும் இழந்தார். ஆயினும் மாறிய முகத்தை மறைக்காமல் பொதுமக்கள் முன் வந்தார். கணிப்பொறியின் குரலால் பேசினார். 2013 ஏப்ரல் 4-ஆம் நாள் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். முகம் மாறினால் மனிதர் மாறிவிடுவதில்லை என்பதை, நம் ஊர்த் தையற்காரம்மாவின் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டியவர்களுக்கு நாம் பலமுறை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நமது தவறு

அறுவை முடிந்து சில திங்கள் கழித்து, நம் உள்ளத்தில் முள்ளாய் உறுத்திக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லிவிட்டோம். "2016-இல் அந்தச் சதையை அனுப்ப வேண்டாம் என்று சொன்னவர் நாமே அம்மா. எம்மை மன்னித்துவிடும்" என்றோம்.

அன்று அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டிருந்தோம். "வெட்டு சிறியதாக இருந்திருக்கலாம், நரம்பு பிழைத்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல இயலாது" என்றார் அவர். அந்த 'இருந்திருக்கலாம்' என்னும் சொல்லை நாம் இன்னும் சுமந்து வருகிறோம்.

தையற்காரம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "நீங்கள் என்ன செய்வீர்கள் சாமி? டாக்டரிடம் கேட்டால் அனுப்பு என்பார். என் அண்ணனிடம் கேட்டால் திட்டுவார். வேண்டாம் என்று யார் சொல்லுவாரோ அவரிடம்தானே என் வீட்டுக்காரர் வந்து கேட்டார்?" என்றார்.

அதில் மன்னிப்பும் இருந்தது. நம் அனைவர்க்கும் ஒரு பாடமும் இருந்தது. செலவுக்கு அஞ்சும்போதும், நோயின் பெயருக்கு அஞ்சும்போதும், நாம் அறிவுரை தேடிச் செல்வதில்லை; நாம் விரும்பும் விடையைத் தரக்கூடியவரைத் தேடிச் செல்கிறோம். சென்ற இடத்தில் இருப்பவரும், ஆறுதல் சொல்வதே அன்பு என்று எண்ணி, தமக்குத் தெரியாத ஒன்றுக்கு உறுதி கொடுத்துவிடுகிறார். "ஒன்றும் இராது" என்பது கேட்க இனிய சொல். சோதித்துப் பார்த்தவர் மட்டுமே அதைச் சொல்லலாம். பங்குத்தந்தையாயினும், பாட்டியாயினும், பக்கத்து வீட்டுப் பெரியவராயினும் மற்றவர்க்கு அந்த உரிமை இல்லை.

இல்லத்தில் நினைவிற்கொள்ள

தாடையிலோ, காதுக்கு முன்னோ, அண்ணத்திலோ தோன்றும் புடைப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், வலி இல்லை என்பதற்காகக் காத்திராதீர்கள். பெரும்பாலான புடைப்புகள் தீங்கற்றவை; உணவு வேளையில் வீங்கி வலித்துப் பின் அடங்கும் வீக்கம் பெரும்பாலும் சுரப்பியில் கல் அடைப்பதால் வருவது. ஆயினும் எது எதுவென்று கண்ணால் பார்த்துக் கூற இயலாது.

உதடோ, மோவாயோ காரணமின்றி மரத்துப்போனாலும், முகத்தின் ஒரு பக்கம் சோர்ந்து தொங்கினாலும், பல் நோயின்றிப் பல் ஆடினாலும், பல்லைப் பிடுங்கிய பின்னும் வீக்கம் வடியாவிட்டாலும் காலம் தாழ்த்தாது பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாத்திரைகளை மாற்றி மாற்றி உண்டு நாளைக் கழிக்காதீர்கள். கட்டியின் மேல் சூடு வைப்பதும், பற்றுப் போட்டுப் பழுக்க வைக்க முயல்வதும் கூடவே கூடாது.

உடலிலிருந்து மருத்துவர் எடுத்த கட்டி எதுவாயினும், அதைத் திசுச் சோதனைக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். சோதனைச் சாலைகளில் திசுவை மெழுகுக் கட்டையில் பதித்து வைப்பர். ஆண்டுகள் கழித்தும் அதை மீண்டும் ஆராயலாம். எனவே அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அரிய நோயின் பெயர் சொல்லப்பட்டால், கண்ணாடித் தகட்டை மற்றொரு வல்லுநரிடம் காட்டக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. நல்ல மருத்துவர்கள் தாமே அதைச் செய்வர்.

மருத்துவம் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் தவறாது காட்டிவர வேண்டும். இந்நோய் நெடுநாள் கழித்தும் திரும்பக்கூடியது.

மீண்டும் வாசலில் நின்றவர்

வாசலில் நின்ற இளைஞரிடம் இக்கதையைச் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் சென்றார். மறுநாள் காலையில் பணம் கட்டிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். பத்து நாள் கழித்து அறிக்கையோடு வந்தார். சாதாரண நீர்க்கட்டிதான்; புற்றின் அறிகுறி ஏதும் இல்லை.

"ஆயிரத்து இருநூறு ரூபாய் போயிற்று சாமி" என்று சொல்லிச் சிரித்தார்.

"போகவில்லை தம்பி. நேற்றுவரை உன் தாடையில் இருந்தது நீர்க்கட்டி என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். இன்று அறிந்துகொண்டோம்" என்றோம்.

தையற்காரம்மா இன்றும் ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குச் சென்று வருகிறார். ஊர் திரும்பும் வழியில் சில வேளை நம்மைக் காண இறங்குவார். வாய் சற்றே ஒரு பக்கம் கோணியிருக்கும்; கஞ்சியும் குழைந்த சோறுமே உணவு; கதிர்ச் சிகிச்சையால் வாய் வறண்டுபோவதால் எப்போதும் கையில் தண்ணீர்ப் புட்டி. தையலை அவர் விடவில்லை. ஊசிகளை மட்டும் இப்போது வாயில் கவ்வுவதில்லை. சட்டைத் தோளில் தைத்த சிறு பஞ்சணையில் குத்தி வைத்துக்கொள்கிறார். மகளுக்கும் தையல் கற்றுக் கொடுத்திருக்கிறார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் யாருக்கேனும் நெடுநாளாக வடியாத புடைப்பு ஏதேனும் உண்டா? இன்றிரவு உணவு வேளையில் ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.